ஆறாத குவியல்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாரப் பத்திரிகை ஒன்றில் மாடித் தோட்டம் பற்றி 'பூங்கோதை' என்ற பெயரில் பதில் எழுதிவந்த பெண்மணி நான்தான். எனக்கு மீசை உண்டு, தோட்டம் கிடையாது. மாம்பலத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்தவை ஒரு துளசிச் செடியும், வடாம் காயும்போது வரும் காக்கைகளும். துளசியை என் மனைவி கமலம் பார்த்துக்கொண்டாள். காக்கைகளை நான் பார்த்துக்கொண்டேன்.

மண் நிரப்பினால் தொட்டி கனக்கிறது, மாடி தாங்குமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் நூலகத்தில் நாலைந்து புத்தகங்களைப் புரட்டினேன். மண்ணே வேண்டாம், கடலைத் தோல், உமி, பச்சைச் சாணம், கடலைப் பிண்ணாக்கு எல்லாவற்றையும் கலந்து நிரப்பி அன்றைக்கே செடியை நட்டுவிடலாம் என்று பூங்கோதை பதில் சொன்னாள். இந்தச் சரக்கு மக்கும்போது தானாகவே சூடேறும், வேரை வேகவைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. அது அடுத்த அத்தியாயத்தில் இருந்திருக்கிறது.

பட்டணத்து ரோஜாக்கள் பல அந்த மாதம் வெந்து போயின. ஆசிரியர் வீட்டு ரோஜாக்களும் அதில் சேர்த்தி. அவர் என்னைக் கூப்பிட்டுக் கோபிக்காமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "சேரப்பணஞ்சேரி பக்கம் ஒருத்தர் கடலைத் தோல்லயும் சவுக்குச் சருகுலயும் நாத்துக்கு மண்ணு செய்யறாராம். நாலு நாள் போய் இருந்து பாத்துட்டு வாங்க. வந்ததும் பூங்கோதை மன்னிப்பு கேக்கட்டும்."

என் சகலை லண்டன் போய்விட்டு வந்து, போன இடத்தையெல்லாம் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் போன வெளிநாடு சேரப்பணஞ்சேரிதான். ஆனாலும் அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அதற்குள் விழுந்தேன் என்பது சரி.

திங்கட்கிழமை கிளம்பினேன். படப்பை தாண்டியதும் பஸ் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்தார், டிரைவர் பார்த்தார், பிறகு இருவரும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். லண்டனில் வண்டி நின்றால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்பார்களாம். இங்கே கண்டக்டர் என்னைப் பார்த்து, "நீ எங்க போவணும்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இன்னா அவசரம்?" என்றார்.

கடலைத் தோல் ஏற்றிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிற லாரி ஒன்று வந்தது; அதில் ஏறிக்கொண்டேன். அதன் டிரைவர் சித்தூர்ப் பக்கத்துக்காரர். பேசியது தெலுங்கு, எனக்குப் புரிந்த மட்டில் தமிழில் தருகிறேன்.

"எங்கே இறங்கவேண்டும்?"

"ஆரோக்கியசாமி தோட்டம்."

கியரை மாற்றினார். பிறகு, "ஏரிக்கரையில் இறக்கிவிடுகிறேன். தோட்டத்து வாசலில் நிறுத்தமாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"போன தடவை அங்கே நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என்ஜின் ஆறவே இல்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஏரிக்கரையிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக நடந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சவுக்கு மரத்தில் காற்று புகுந்தால் கடற்கரையில் நிற்பது போலச் சத்தம் வரும். கடல் எங்கேயோ கிழக்கே கிடக்கிறது. சத்தம் மட்டும் இங்கே இருக்கிறது. தரையெல்லாம் மெத்தை மாதிரி சருகு. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

தோப்பு முடிந்த இடத்தில் கல்லறைகளைப் பார்த்தேன். ஆள் நீளத்துக்கு மேல், இடுப்பு உயரத்தில், வரிசையாக மேடுகள். ஒவ்வொன்றின் மேலும் மூங்கிலால் சிலுவை. மேடுகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஆவி என்று நான் சொல்வது வெந்நீரில் வருவதை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த வித்தியாசம் தோன்றவில்லை.

மேடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "லூசியாவுக்கு ஜொரம் இன்னும் வுடல அண்ணா."

"செபஸ்தியாரு?"

"அவரு இப்பத்தான் கொதிக்கிறாரு."

நான் வந்த வழியே திரும்பியிருப்பேன். பெட்டி கனமாக இருந்ததால் திரும்புவதற்கு நேரமாகிவிட்டது. அதற்குள் ஆரோக்கியசாமி என்னைப் பார்த்துவிட்டார்.

நாற்பது வயது, பெரிய தொண்டை, முழங்கால் வரை காக்கி. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று போல்ட்டு முடுக்கியவர். "ஷிப்டு, ஓவர்டைம், சூப்ரவைசர் மொறைப்பு, எல்லாம் பாத்தாச்சு சார். இங்க நானே சூப்ரவைசரு. மொறைக்கத்தான் ஆளில்ல" என்றார். மொறைக்க ஆள் இருந்தது. அவர் மனைவி லூர்தம்மாள் உள்ளேயிருந்து, "பெட்டியக்கூட வாங்காம இன்னா கதை?" என்றாள்.

மேடுகள் எருக் குவியல்கள். நடுவில் காற்றுப் போக மூங்கில் செருகி வைப்பார்கள். அதை நாளுக்கு ஒரு தரம் பிடித்து ஆட்டவேண்டும். பிடிப்பதற்குக் குறுக்கே ஒரு குச்சி கட்டுவார்கள். அதுதான் சிலுவை. குவியலை எந்தப் புனிதர் திருநாளில் போட்டார்களோ அந்தப் புனிதர் பெயர் அதற்கு. கோயில் காலண்டர் எல்லார் மனசிலும் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வயது தெரிந்துவிடும். லாரன்ஸ் திருநாளில் போட்ட குவியல் மற்றதைவிடச் சீக்கிரம் கொதித்ததாம். "அவர இரும்புக் கட்டில்ல போட்டு வாட்டுனாங்க இல்ல சார், அந்தப் பழக்கம்" என்றார் ஆரோக்கியசாமி.

கடைசியில், ஏரியைப் பார்த்த மாதிரி, தனியாக ஒரு குவியல் இருந்தது. மற்றவற்றைவிட நீளம். அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"அதுக்குப் பேரில்ல" என்றார். தொண்டை சின்னதாகிவிட்டிருந்தது. "வாங்க, சாப்புடலாம்."

வீட்டு நிலைப்படியின் மேல்கட்டையில் சாக்குத் துணியை வரிந்து சுற்றியிருந்தார்கள், தலை இடித்துக்கொள்ளாமல் இருக்க. நான் மரியாதைக்காகக் குனிந்தேன். தேவையே இல்லை; என் தலைக்கும் அதற்கும் நடுவில் மூன்று விரல் வைக்கலாம். இந்த வீட்டில் அவ்வளவு உயரம் யார் என்று கேட்டேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த லூர்தம்மாள், அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்தாள். மேடுகளுக்கு நடுவில் குரல் கேட்டதே, அவள்தான். பிலோமினா. முப்பது வயது இருக்கும்.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் பிலோமினா. "வந்து வந்து முட்டிக்குவாரு."

விரால் குழம்பு. மாம்பலத்தில் மீன் வாங்கினால் அது எந்த ஊர் மீன், எத்தனை நாள் முன்பு காலமானது என்று துப்பறிய வேண்டும். இது ஏரியிலிருந்து நேராக வந்திருந்தது. மூன்று தரம் சோறு வாங்கினேன். நாலாவது தரம் லூர்தம்மாள் கேட்காமலே போட்டுவிட்டு, "எழுதறவங்களுக்குப் பசி அதிகமோ" என்று சுவரைக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலை கற்றுக்கொண்டேன். தோப்பில் சருகு வாரினோம். சவுக்குச் சருகு ஊசி ஊசியாக இருக்கும். சேலை, வேட்டி, தலைமயிர் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். ஏரியில் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டு வாட்டினோம். பிறகு அடுக்கு: சருகு, கடலைத் தோல், வாடின தாமரை, உமி, மேலே சாணிக் கரைசல். மறுபடியும் சருகு. மிதித்து அமுக்கக் கூடாது. நான் மிதித்தேன். "சார், அது மூச்சு வுடணும்" என்றார் ஆரோக்கியசாமி. இந்த ஊரில் எல்லாரும் குவியலைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள்.

சூடு ஏறும், இறங்கும். புரட்டிப் போட்டால் மறுபடி ஏறும். கடைசியில் எவ்வளவு புரட்டினாலும் ஏறாமல் கிடக்கும். அப்போது சலித்து, கொஞ்சம் ஏரி வண்டல் சேர்த்து, பாலிதீன் பையில் நிரப்பினால் நாற்றுக்குத் தயார். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த தரை மாதிரி வாசனை. செம்மண் பை நாலு தூக்குகிற இடத்தில் இது எட்டு தூக்கலாம். எனக்கு ஒரு பிடி கொடுத்தார். என் வாசகர்களுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அந்தப் பிடியில் தெரிந்தது.

ஆனால் கையில் இருந்தது அவ்வளவுதான். தயாரான சரக்கு அவரிடம் இல்லை.

பாத்தியைக் காட்டினார். சவுக்கு நாற்று, பச்சை மயிர் மாதிரி அடர்ந்து நின்றது. ஓரமாக ஒன்றைப் பிடுங்கினார். பக்கத்திலிருந்த பத்து சேர்ந்து வந்தது. வேரோடு வேர் பின்னிக்கொண்டிருந்தது. "இந்த வாரத்துக்குள்ள பைக்கு மாத்தணும் சார். வுட்டா மொத்தமும் போச்சு. வருசம் பூரா எங்களுக்கு இதான் சோறு."

"குவியல்கள் இருக்கிறதே?"

"சவேரியாரு மழைல ஊறி நாறிட்டாரு. லூசியா பதமாவறதுக்கு இன்னும் நாளாவும். செபஸ்தியாரு கொழந்த." பிறகு ஏரிப் பக்கம் பார்த்தார். "அது ஒண்ணுதான் வயசுக்கு வந்தது. கல்லறைத் திருநா அன்னிக்குப் போட்டது."

நவம்பர் தொடக்கத்தில் வருகிற அந்தத் திருநாளுக்கு முன்னால் ஊரார் கல்லறைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். இறந்தவர்களின் பெயர்களைச் சாமியாரிடம் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார். பிலோமினாவின் கணவன் சூசை லாரி டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன் சவுக்குக் கழி ஏற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போனவன். ஓசூர் தாண்டி, ரோட்டோரம் லாரி மட்டும் நின்றது. கதவு திறந்திருந்தது. கழி ஒன்று குறையவில்லை. ஆள் இல்லை. முதலில் பார்த்த போலீஸ்காரர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது ஒரே விஷயம்தான்: என்ஜின் சூடாக இருக்கிறது, ஆள் பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். சாமியாரிடம் பெயர் கொடுக்கவில்லை. பெயர் கொடுத்தால் செத்தவன் ஆகிவிடுவான். பெருக்குவதற்கு அவளுக்குக் கல்லறையும் இல்லை. அதனால் போன திருநாளுக்கு முன்தினம் ஊரார் கல்லறை எல்லாவற்றையும் அவளே பெருக்கினாள். சருகு, காய்ந்த மாலை, மெழுகுவர்த்திக் கட்டை, எல்லாவற்றையும் கூடையில் சுமந்துவந்து திருநாளன்று தனியாகக் குவியல் போட்டாள்.

"அது ஆறல சார்" என்றார் ஆரோக்கியசாமி. "மார்கழிலயே ஆறியிருக்கணும். நாளைக்கு சாம்பல் புதன், மாசியே வந்தாச்சு. இன்னும் கொதிக்கிது. சுடற மண்ணுல நாத்து வெச்சா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்கு மட்டும்தான் அவ்வளவு நன்றாகத் தெரியும்.

"பிரிச்சுக் கொட்டி ஆற வெச்சா ரெண்டு நாள்ல வேலைக்கு ஆவும். தொட வுடமாட்டேங்குது. எங்களுக்குத் தெரியாம அதுக்குப் பிண்ணாக்கு கரைச்சு ஊத்துதுன்னு எனக்கு சந்தேகம். மாடு எளைச்சுப் போச்சு. நீங்க கேளுங்க சார். வெளி ஆளு, உங்க கிட்ட சொல்லும்."

சாயங்காலம் பிலோமினாவே என்னைக் கூப்பிட்டாள். "சார், ஒரு கை பாக்கறீங்களா?"

குவியலில் ஒரு நீள இரும்புக் கம்பி செருகியிருந்தது. அதை உருவி, நடுவில் கை வைத்துத்தான் சூடு பார்ப்பார்கள். மெதுவாக உருவி என்னிடம் நீட்டினாள். நான் தொட்டேன். மற்ற குவியல்களின் கம்பியையும் காலையில் தொட்டிருக்கிறேன்; லூசியா சுட்டது, அடுப்பு சுடுகிற மாதிரி. இது அப்படி இல்லை. காய்ச்சல்காரன் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டு என் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"சூடாத்தானே கீது?" என்றாள்.

"இருக்கிறது."

"அண்ணன் இன்னா சொல்லிச்சு? நான் ஊத்தறேன்னு சொல்லிச்சா?"

பொய் சொல்ல யோசித்தேன். அவள் காத்திருக்கவில்லை.

"ஊத்தினேன் சார். கிறிஸ்மஸ் வரைக்கும் ஊத்தினேன். மாட்டுப் பங்குல எடுத்து, விடியக்கால எந்திரிச்சு ஊத்தினேன். குடில் கட்டறப்ப கொழந்த யேசுவப் பாத்தேன், மாடு பக்கத்துல நிக்கிது. அது வாயிலேந்து புடுங்கறோமேன்னு ஆயிடுச்சு. நிறுத்திட்டேன். ஆறட்டும், ஆறுனா ஒத்துக்கலாம்னு."

"பிறகு?"

"அப்பால நான் ஒண்ணும் போடல." குரலைத் தாழ்த்தினாள். "அதுவாத்தான் கீது."

காற்று நின்றிருந்தது. சவுக்குச் சத்தம்கூட இல்லை. குவியலுக்குள்ளிருந்து, தூங்குகிறவர் புரண்டு படுத்த மாதிரி, ஒரு சின்ன சரசரப்பு வந்தது. அவள் திடுக்கிடவில்லை. கம்பியைத் திரும்பச் செருகினாள், வலிக்காமல் செருகுகிற மாதிரி.

"எனக்கே பயமா கீது சார். ஆறிடுச்சுன்னா கழுத்துல இருக்கிறத அவுக்கணும். ஆறலன்னா நாத்து போச்சு, ஆஸ்டல்ல இருக்கிற அண்ணன் புள்ளைங்களுக்கு சோறு போச்சு. நீங்க நாலு எடம் போனவரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

நாலு இடம் போனவர் என் சகலை. வீட்டுக்குள் தவக்காலத்துக்கு முந்தின நாள் விருந்து காத்திருந்தது. கோழிக் குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கவேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை என்றால் நிலைமையை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை விடிந்ததும் எல்லாரும் நெற்றியில் சாம்பல் வாங்கக் கோயிலுக்குப் போனார்கள். அன்றைக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. நான் கிறிஸ்தவன் இல்லை என்பதை யாரும் லூர்தம்மாளுக்கு நினைவூட்டவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. போகும்போது ஆரோக்கியசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பூச முடிஞ்சு வந்து பேசி முடிவு பண்றோம். நீங்க சும்மா ஒரு பார்வ பாத்துகினு இருங்க சார்" என்றார்.

சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஏரி மேல் பனி படுத்திருந்தது. மற்ற குவியல்களிலிருந்து ஆவி நேராக மேலே போனது. பெயரில்லாததிலிருந்து வந்த ஆவி மட்டும் விட்டு விட்டு வந்தது. கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டேன். சிறிது நேரத்தில் என் மூச்சும் அதுவும் ஒன்றாகப் போவதைக் கவனித்தேன். மூச்சை நிறுத்திப் பார்த்தேன். அதுவும் நின்றது.

படித்த மனிதன் இந்த நிலையில் என்ன செய்வான்? விஞ்ஞான ரீதியாக ஆராய்வான். குவியலின் நடுமூங்கில் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினால் காற்று ஒழுங்காகப் போகும், ஆவி ஒழுங்காக வரும், நானும் ஒழுங்காக இருப்பேன் என்று எண்ணினேன். குவியல் அகலமானது, கீழிருந்து எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினேன். மேல்பரப்பு ரொட்டியின் மேல்தோல் மாதிரி கெட்டியாக, வெதுவெதுப்பாக இருந்தது. மூங்கிலின் குறுக்குக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்த கணம் காலடியில் ஒன்றும் இல்லை. குச்சியைப் பிடித்தபடி, தோளுக்குச் சற்றுக் கீழ் வரை உள்ளே போய்விட்டேன். இடுப்பு உயரக் குவியலில் தோள் வரை எப்படிப் போனேன் என்று கேட்பவர்களுக்கு: கால் நீட்டி உட்கார்ந்த நிலையில் போனேன். உள்ளே இடம் இருந்தது. கால்களை நீட்டினேன், இன்னும் இடம் இருந்தது. சூடு உடம்பு முழுக்க அணைத்துக்கொண்டது. சாம்பல் மாதிரி ஏதோ வெள்ளையாக மேலேறி வந்து கண், மூக்கு, வாய் எல்லாம் நிரம்பியது. கூப்பிட வாய் திறந்தால் அதுவும் உள்ளே போனது. எழ முயன்றேன். பக்கச் சரிவெல்லாம் சரிந்து மடியில் விழுந்து என்னை இறுக்கியது. கமலத்துக்கு என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று யோசித்தேன். சூடாக இருக்கிறார், பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோப்புப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு மூன்று பேர் வந்தார்கள். குவியலின் மேல் ஒரு தலை முளைத்து, வெள்ளை வெளேரென்று, கண்ணை மட்டும் சிமிட்டுவதைப் பார்த்தார்கள்.

லூர்தம்மாள் "யேசுவே" என்று கத்திவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியசாமி சிலுவை போட்டுக்கொண்டார். பிலோமினா மட்டும் வந்தாள். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள், தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் வருவது போல. குவியலின் பக்கத்தை இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளினாள். அப்புறம்தான் அண்ணனுக்கு உணர்வு வந்து மண்வாரியோடு ஓடிவந்தார். பக்கச்சுவர் உடைந்தது. என்னைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து நிறுத்தினார்கள்.

நான் நின்றேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. உடம்பெல்லாம் ஆவி. பிலோமினா என் எதிரில் நின்று முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள். ஓர் அடி பின்னால் போய், தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை; நான் பெண் பார்க்கப் போன அன்று கமலம்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பேசத் தோன்றவில்லை. பேசினால் நான் யார் என்று தெரிந்துவிடும் என்று இருந்தது.

கடைசியில் அவள் திரும்பி, "ஆற வையி, அண்ணா" என்றாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

குவியலுக்குள் நீளமாக ஒரு பொந்து இருந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூஞ்சாளம். அதுதான் என் மேல் இருந்தது. அடியில் கொஞ்சம் கரி. ஆரோக்கியசாமி கம்பியால் கிளறிப் பார்த்து, "பனந்துண்டு ஒண்ணு இங்க கெடந்துது. அது மேல சருகக் கொட்டியிருக்குது. மெழுகுவத்தில நெருப்பு இருந்து, உள்ளயே பொகைஞ்சு பொகைஞ்சு, கட்டை தீந்து பொந்து ஆயிடுச்சு. அதான் சூடு" என்றார். குரல் பழையபடி பெரிதாகியிருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

"பனந்துண்ட போன தவக்காலத்துலயே அடுப்புக்குப் பொளந்தாச்சு" என்றாள் லூர்தம்மாள். "நீதான் பொளந்த."

அவர் கம்பியைப் பொந்துக்குள் நீளவாக்கில் கிடத்தினார், அளந்து பார்ப்பவர் போல. பிறகு என்ன நினைத்தாரோ, அளக்காமல் எடுத்துவிட்டார். மண்வாரியால் இரண்டு பக்கத்தையும் சரித்தார்.

அன்றைக்கெல்லாம் குவியலை மெல்லிசாகப் பரப்பினோம். என் முழங்கால் இறால் நிறத்தில் இருந்ததால் எனக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள்: சல்லடை. சருகோடு சருகாக ஒரு சரிகை நூல், யார் கல்லறை மாலையிலிருந்தோ, அப்படியே பளபளவென்று வந்தது. மற்றதெல்லாம் கறுப்பாக, உதிரியாக, மழை வாசனையோடு இருந்தது. அவ்வளவு நல்ல சரக்கு அந்தத் தோட்டத்தில் அதுவரை வந்ததில்லை என்று ஆரோக்கியசாமி சத்தியம் செய்தார். சாயங்காலம் ஒருசந்திக் கஞ்சி. உப்பும் சுட்ட மிளகாயும். அன்றைக்கு ருசி தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. பிலோமினாவும் வந்து குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். பிறகு பை நிரப்ப உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போது நாற்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. கழுத்தில் இருந்தது அப்படியே இருந்தது. நிலைப்படியின் சாக்குத் துணியும் அப்படியே இருந்தது.

மாம்பலம் திரும்பினேன். கமலம் வாசலிலேயே நிறுத்தி, கொல்லைப்புறமாக வரச் சொன்னாள். மூன்று நாள் குளித்தும் என் உடம்பில் சவுக்கு ஊசி வந்துகொண்டிருந்தது. பூங்கோதை மன்னிப்புக் கேட்டாள். சரக்கு ஆறும்வரை பொறுக்கவேண்டும் என்று எழுதினாள். ஆசிரியர் மனைவி ஒரு ரோஜாப் பதியனை நம்பி வைத்தார்.

நவம்பர் பாதியில் ஆரோக்கியசாமி ஒரு மூட்டை மண்ணைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். நாற்றெல்லாம் பிழைத்து, பிள்ளைப்பாக்கம் வரைக்கும் போய் நடவாகிவிட்டதாம். காப்பி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கல்லறைத் திருநாளுக்குப் பிலோமி பேர் குடுத்துடுச்சு சார்" என்றார். "சாமியாரு வாசிச்சாரு. அழுவல. நேரா நின்னுகினு கேட்டுது."

எனக்கு ஒன்று கேட்கவேண்டும் என்று எட்டு மாதமாக இருந்தது. அன்றைக்கு என்னை அப்படிப் பார்த்தாளே, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

ஆரோக்கியசாமி கமலத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லிச்சு சார். இன்னும் நாலு வெரக்கட ஒசரமா இருந்திருந்தா நம்பியிருப்பேன்னு சொல்லிச்சு."